இடைவெளிக் கட்டை

பாம்பன் சங்கத்து அலுவலகத்தில்
விசைப்பலகையின் இடைவெளிக் கட்டைக்கு மட்டும்
உப்புப் பிடித்திருந்தது.
ஒருமுறை தட்டினால் நாலு இடம் ஓடும்,
சோழகம் அடிக்கிற நாளில் ஏழு.
அதோடு மல்லுக்கட்டித்தான் ரெக்சலின்
அறுநூற்று முப்பத்திரண்டு பெயரையும் ஏற்றினாள்.
ஏற்றிய கையோடு கல்யாணமாகி
மூக்கையூர் போய்விட்டாள்.
பட்டியல் என் தலையில்.

தடைக்காலம். படகெல்லாம் நங்கூரத்தில்.
நிவாரணப் பணமும் நகரவில்லை.
வங்கியில் இருப்பவர் சீனி இபுராம்சா,
எங்களிடம் இருப்பவர் சீனி    இபுராம்சா.
கண்ணுக்கு ஒரே ஆள்,
கணினிக்கு முன்பின் தெரியாத இருவர்.
அட்டையை மேசைமேல் வைத்து அழுத்தினார்:
"ரெண்டும் நாந்தாம்மா."

ஒரே ஒரு வரி எழுதினேன்.
பின்சாய்கோடு, எஸ், கூட்டல்குறி.
வெற்றிடம் ஒன்றோ பலவோ,
எங்கே கண்டாலும் ஒன்றாக்கு.

ஓட்டினேன்.
அறுநூற்று முப்பத்திரண்டு பேரும்
ஒரே வரியில் வந்து நின்றார்கள்.
வரி முறிகிற இடமும் வெற்றிடம்தான்,
மறந்துபோனேன்.
புயல் கூண்டு ஏறிய அன்று
கயிற்றோடு கயிறு பிணைத்த படகுகள் மாதிரி
வியாகுலத்தின் கைபேசி எண்ணை இடித்துக்கொண்டு
அடுத்தவர் பெயர், அவர் கணக்கெண்,
அதற்கடுத்தவர் பெயர்.
நகல் இருந்தது, பிழைத்தேன்.

அடுத்த தடவை வரிவரியாய்ப் பிரித்து,
கட்டம் கட்டமாய் எடுத்து,
இரண்டு ஓரத்தையும் நறுக்கி, நடுவைச் சுருக்கி.
சீனி இபுராம்சா ஒருவரானார்.
வங்கிச் சந்தியாகு மட்டும்
எங்கள் சந்தியாகுவோடு சேரமாட்டேன் என்றார்.
குறி குறியாய் எண்ணினேன்.
அவருக்கு ஒன்பது, இவருக்குப் பத்து.
அகலமே இல்லாத ஒரு வெற்றிடம்
உள்ளே உட்கார்ந்திருந்தது.
எஸ்ஸின் கை அதற்கு எட்டாது.
கருவாட்டுக்குள் மணல், பல்லில் பட்டால்தான் தெரியும்.
அதன் எண்ணைத் தேடிப்பிடித்துத் தனியாக நீக்கினேன்.

ஐந்தரை மணி. பாலத்தில் ரயில் போகிறது.
பட்டியல் அவ்வளவு துப்புரவு.
கடைசியாக எண்ணிக்கை கேட்டேன்.
அறுநூற்றுப் பதின்மூன்று.

பத்தொன்பது பேர் எங்கே?

பழைய நகலைத் திறந்தேன்.
பத்தொன்பதும் பெண்கள்.
கணவர் பெயர் என்ற கட்டத்தில்
வெறும் வெற்றிடம்.
என் நிரல் அதை நறுக்கியதும் கட்டம் காலி.
காலியென்றால் ஆளையே தள்ளு என்று
அடுத்த வரியில் எழுதியிருந்ததும் நான்தான்.

ரெக்சலினைக் கூப்பிட்டேன்.
"அதுவா. கடலுக்குப் போயித் திரும்பாதவங்க வீடுக்கா.
செத்ததுக்குச் சான்று கிடையாது,
ஒண்ணும் போடாட்டி படிவம் வாங்காது.
கட்டையை ஒரு தட்டு தட்டினேன்,
அது பாட்டுக்கு நாலு ஓடுச்சு, உள்ள விட்டுருச்சு."

மறுநாள் சின்னப்பாலத்திலிருந்து முத்துராக்கு.
பாசி எடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள்,
விரல்களில் சுற்றிய துணி இன்னும் ஈரம்.
வீட்டுக்காரர் பேரைப் போடவா?
"போட்டா, ஆளு எங்கன்னு கேப்பான்."
காலமானவர் என்று?
"யாரு சொன்னா ஒனக்கு?"
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
"ஒண்ணுமே இல்லையே."
நாலு இடம் இருக்கு அக்கா.
முகக்கண்ணாடி போட்டுத் தண்ணிக்குள் பார்ப்பதுபோல்
குனிந்து, மூச்சை அடக்கிப் பார்த்தாள்.
"சரி, அது கெடக்கட்டும்."

நிரலில் ஒரு குறிப்பு சேர்த்தேன்,
எனக்குப் பிறகு வருகிறவருக்கு:
கணவர் பெயர்க் கட்டத்தில் கை வைக்காதே.
சந்தேகம் இருந்தால் சின்னப்பாலம் போய்க் கேள்.

அறுநூற்று முப்பத்திரண்டு.
அச்சுக்கு அனுப்பினேன்.
விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினால்
ஒரு சிட்டிகை மணல், ஒரு எறும்பு.
புதிது வாங்க நானூறு ரூபாய் கேட்டு
செயலாளருக்குக் கடிதம் தட்டினேன்:
ஐயா    வணக்கம்