4117ஆம் எண் மேல்தாடை

காலை ஆறு மணி.
ஜூலை மாதக் குளிர்
துறைமுகத்திலிருந்து ஏறி வந்து
பட்டறைக் கண்ணாடியில் மூச்சு விடுகிறது.
மாத்தே இலைமேல் வெந்நீர் ஊற்றிவிட்டு
வானொலியைத் திருகுகிறேன்.
அலமாரியில் முப்பத்தொரு பிளாஸ்டர் தாடைகள்,
எல்லாம் வாய் திறந்து,
எதுவும் பேசாமல்.

ரூபன் இத்தூர்ரால்தே பேசுகிறார்.
பன்னிரண்டு வருடமாக மோன்டெவிதேயோவை
எழுப்பிவிடும் குரல்.
அவர் முகம் எனக்குத் தெரியாது.
வாய் தெரியும்.

மருத்துவர் சபாலா அனுப்பும் அச்சுகளில் பெயர் இருக்காது.
எண், வயது, தொழில், அவ்வளவுதான்.
4117. அறுபத்து மூன்று. வானொலி அறிவிப்பாளர்.
மேல் முன்பற்கள் நான்கு.
போன வாரம் முழுக்க அவர் இடத்தில்
கிசெல்லா என்றொருத்தி மூக்கால் அறிவித்தாள்.
இன்று திரும்பி வந்திருக்கிறார்
என் பற்களோடு.

"புவெனோஸ் தியாஸ், ஸென்யோராஸ்."

மூன்று சொல், நான்கு ஸ.
நான்கிலும் சீழ்க்கை,
கொதிக்கப்போகும் கெண்டியின் முதல் முனகல் போல.
கையிலிருந்த மெழுகுக்கத்தி நின்றுவிட்டது.

பல்லை நான் கண்ணால் செய்கிறேன்.
நிறம் பார்ப்பேன், விளிம்பு பார்ப்பேன்,
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.
இருபது வருடத்தில் ஒரு பல்லைக்கூடக்
காதருகே வைத்ததில்லை.

ஒன்பது மணிக்கு ஹார்ப்ஸிகார்ட்.
பதினொன்றுக்குக் கலைச் செய்தி:
கறுப்பு மையில் மாடுகளை மட்டும் அச்சடிக்கும்
ஒருவரின் கண்காட்சி திறக்கிறது.
மாடுகள் என்று அவர் சொல்லவில்லை.
"ஒரு மாடு, பிறகு வேறொரு மாடு" என்றார்.

அப்போதுதான் புரிந்தது.
எங்கள் ஸ்பானிஷில்
ஒன்றுக்குமேல் எதைச் சொன்னாலும்
வால்போல ஒரு ஸ ஒட்டிக்கொள்ளும்.
மனிதர் பன்மையையே விட்டுவிட்டார்.
ஒரு வயலின், கூடவே இன்னொரு வயலின்.
சொனாட்டா என்று சொல்வதில்லை,
பியானோவுக்கான ஒரு படைப்பு.
பகல் முழுக்க உலகம்
ஒவ்வொன்றாக வந்து நின்றது அவர் வாயில்,
திருவிழாக் கூட்டத்தை
ஒற்றையடிப் பாதையில் அனுப்புவதுபோல.

இரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வாஷிங்டன் வந்தான்,
அச்சுப் பெட்டிகளை வாங்கிப்போக.
"கேட்டாயா?" என்றேன்.
"எதை? யாரோ யாரையோ கொல்கிறார்கள், பாட்டாக" என்றான்.
மதிய ஓப்பரா ஓடிக்கொண்டிருந்தது.
"அரை மில்லிமீட்டர் யாருக்குக் கேட்கப்போகிறது?"
சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினான்.
அதன்பின் அவனுக்கு எதுவும் கேட்காது.

இரவு எட்டு. அரங்கிலிருந்து நேரலை.
நிகழ்ச்சியில் இருப்பதோ ஸெக்ஸ்டெட்,
ஸ்பானிஷில் ஸெக்ஸ்தெத்தோ.
எப்படித் தப்புவார்?
ஒரு நால்வர், கூட ஓர் இருவர் என்பாரோ?
பீங்கான் சூளையை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.
வாசிப்பவர்கள் நாற்காலி இழுக்கிறார்கள்.
யாரோ இருமுகிறார்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
இன்னும் சொல்லவில்லை.

பிறகு, மூச்செடுத்து,
குளிர்ந்த ஆற்றில் குதிப்பவர் மாதிரி:
"ஸெக்ஸ்தெத்தோ."

சீழ்க்கை மைக்கில் ஏறி
நகரத்தின் சமையலறைகளுக்கெல்லாம் போனது.
பின்னால் வயலின்கள் சுருதி சேர்க்க ஆரம்பித்திருந்தன.
சத்தியமாகச் சொல்கிறேன்,
என் பிழை அவர்களின் சுருதிக்குக்
கால் இழைதான் மேலே நின்றது.

சிரித்துவிட்டேன். கண்ணும் கலங்கியது, ஏனென்று தெரியவில்லை.
அதற்கப்புறம் அந்த ஆள் எதையும் ஒளிக்கவில்லை.
வயலின்கள், வியோலாக்கள், செல்லோக்கள்,
வாசிப்பவர் ஆறு பேரின் பெயர்கள்,
எல்லாம் வாலோடு வந்தன.

பன்னிரண்டுக்கு "புவெனாஸ் நோச்செஸ்" என்று முடித்தார்.
அலமாரியிலிருந்து 4117ஐ இறக்கினேன்.
நாக்கை என் பல்லின் பின்னால் வைத்து
ஸ, ஸ, ஸ என்று சொல்லிப்பார்த்தேன்,
இருட்டில் பாம்புக்கு வழிசொல்பவள் மாதிரி.

சபாலாவுக்குச் சீட்டு எழுதினேன்:
திருப்பி அனுப்புங்கள். கட்டணம் வேண்டாம்.
காரணம் என்ற கட்டத்தில்
நெடுநேரம் யோசித்து
ஒரே எழுத்துப் போட்டேன்.