எட்டாவது வீணை

விதி எண் இரண்டு:
எட்டுப் பேருக்குக் குறைந்தால் குழு இல்லை.
எங்களிடம் ஏழு வீணை, ஏழு பேர்,
போட்டிக்கு ஐந்து சனிக்கிழமை.
அதனால்தான் துளசிமணியைச் சேர்த்தேன்.
வேறு காரணம் சொன்னால் பொய்.

அம்மாப்பேட்டையில்
விசைத்தறிக் கூடத்துக்கு மேலே ஒரு மாடி.
வாடகை குறைவு, இரைச்சல் தாராளம்.
சுருதிப்பெட்டியைக் காதோடு வைத்துத்தான்
தந்தியை முறுக்க வேண்டும்.

தாட்சாயணிக்கு வயது பத்தொன்பது, வாசிப்பு பதிமூன்று.
அவள் கமகம் ஒரு மெட்டில் கிளம்பி
அடுத்த மெட்டை எட்டிப் பார்த்துவிட்டு
மதில் பூனையாகத் திரும்பும்.
மரகதவல்லி பாலிசிப் பணம் வாங்கிய பையோடு வருவார்,
ரசீது கிழிக்கும் அவசரத்தில் மீட்டுவார்.
எழிலரசனுக்கு இடது கை சுத்தம்;
வலது கை நாளைக்கு வரும்.
டாக்டர் ஜெபசீலிக்குச் சரணம் எட்டும்போது
யாருக்காவது வலி எடுக்கும்.
மற்ற இருவர் சம்பந்திகள்,
ஒருவரை ஒருவர் பார்க்காமல் வாசிப்பார்கள்.
நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர்.
வாசிப்பு சுமார், பிரதி எடுப்பதில் கெட்டி.

மோகனம், ஆதி தாளம், ஆறு நிமிடம்.
மூன்று மையில் ஆளாளுக்குப் பிரித்தேன்.
நாலு மாத சரளி வரிசைக்காரிக்கு என்ன கொடுப்பது?
இடது கைக்கு வேலையே வைக்கவில்லை.
திறந்த தந்தி.
ஆவர்த்தனத் தொடக்கத்தில் ஒரு சட்ஜம்,
நடுவில் ஒரு பஞ்சமம்.
மீதிக்கெல்லாம் கோடு.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இந்தக் கோடெல்லாம் சும்மா இருக்கணுமாக்கா?"
"சும்மா இல்ல. எண்ணணும்."

அவளுக்கு வாய்த்தது தாட்சாயணியின் பழைய வீணை,
யாளிக்கு ஒரு காது கிடையாது.
"அவங்க மைக்கை மட்டும் ஆஃப் பண்ணிடலாமே"
என்றாள் தாட்சாயணி, படி இறங்கும்போது.
நான் மாட்டேன் என்று சொல்லவில்லை.
பார்க்கலாம் என்றேன்.

நாலாவது சனி, நாலே கால்.
இரண்டாம் காலத்துக்கு ஏறும் இடத்தில்
கரண்ட் போயிற்று.
மின்விசிறி, சுருதிப்பெட்டி,
கீழே இருபத்திரண்டு தறியும் ஒரே மூச்சில்.

அது நின்ற பிறகுதான் தெரிந்தது
இத்தனை நாளும் தாளத்தை
அதனிடம்தான் கடன் வாங்கியிருக்கிறோம்.
தாட்சாயணி முன்னால் ஓடினாள்.
மரகதவல்லி அவளைத் துரத்தினார்.
சம்பந்திகள் ஆளுக்கொரு திசை.
கொண்டலாம்பட்டி ரவுண்டானா மாதிரி ஆயிற்று மோகனம்.

நடுவே ஒரு தந்தி மட்டும்
விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.
இடைவெளி.
மறுபடி விழுந்தது.
ஒவ்வொருவராகக் கையை எடுத்தோம்.
துளசிமணி முந்தானையில் ஒட்டியிருந்த நூலைப் பார்த்தபடி
மீட்டிக்கொண்டே இருந்தாள்.

"கரண்ட் போச்சா?" என்று நிமிர்ந்தாள்.
"எனக்கு எப்பவும் ஓடிட்டேதான்க்கா இருக்கும்.
தூக்கத்துலயும் ஓடும்.
ஏற்காட்டுக்குப் போயிருந்தப்போ
அந்தக் குளிர்லகூட நிக்கல சனியன்."
பெருமையாகச் சொல்லவில்லை.
ஜெபசீலியிடம் மருந்து கேட்கிற தொனி.

சட்ஜம் விழ வேண்டிய இடத்தில் பஞ்சமம்.
இடம் சரி, ஸ்வரம் தப்பு.
ஸ்வரத்தை நான் திருத்தினேன்.
தாட்சாயணி ஒன்றும் பேசாமல்
தன் பாயை அவள் பக்கம் ஒரு முழம் இழுத்துப் போட்டாள்.

வியர்வையில் விரல் வழுக்க, முதலிலிருந்து.
பிரமாதம் என்று சொல்ல மாட்டேன்.
சரணத்தில் இன்னும் ஓட்டை.
எழிலரசன் இன்னும் பின்தங்கினான்,
ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பின்தங்கினான்.
அதற்குத் தக்கபடி எழுதிக்கொள்ளலாம்.

ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் வந்தது.
"ஆறு மணி ஷிப்டுக்கா" என்று
யாளியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப்
படியில் இறங்கி ஓடினாள்.
கீழே ஒவ்வொன்றாக எழுந்தன தறிகள்.

ஏழு பேர் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தோம்.
"இதுல அவங்க தறி எதுக்கா?"
என்று கேட்டாள் தாட்சாயணி.
எனக்குத் தெரியவில்லை.
நாலு வாரமாக அதன் தலைக்கு மேல்தான்
உட்கார்ந்திருக்கிறேன்.