இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே

ரோகுக்கூலா துறையில் படகில் இடமில்லை.
உறைந்த கடல் மேல் போனால் அரைமணி நேரம்.
சாவடியிலிருந்து இறங்கி வந்தவள்
என் சன்னலை இரண்டு விரலால் தட்டினாள்.
கோட்டில் பெயர் தைத்திருந்தது: ஊர்வே.

"பின்னால் என்ன?"
"பல் டாக்டர் நாற்காலி. தீவுக்கு. நான்தான் பொருத்தணும்."
"எடை?"
"நூற்று அறுபது கிலோ."
காரையும் என்னையும் அதோடு கூட்டி
உதட்டுக்குள் கணக்குப் போட்டாள்.
இரண்டரை டன்னுக்குள் இருந்தேன்.
"டாக்டர் வந்தாச்சா அங்கே?" என்று கேட்டு
இடது கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள்.

பிறகு சட்டம்.
முதலில், பெல்ட்டைக் கழற்று.

காதில் தப்பாக விழுந்தது என்று நினைத்தேன்.
நான்கு நாடுகளில் ஓட்டியிருக்கிறேன்.
ரவுண்டானாவில் யார் முதலில்,
மஞ்சள் விளக்குக்கு நிற்பவன் எந்த ஊரில் முட்டாள்,
எல்லாம் புத்தகத்தில் கொஞ்சம்
அபராதச் சீட்டில் மீதி என்று படித்தவன்.
எங்கேயும் மாறாதது இது ஒன்றுதான்:
ஏறு, கதவைச் சாத்து, பெல்ட்டைப் போடு.
அண்ணன் போடாமல் போன ராத்திரிக்குப் பிறகு
நிறுத்திய காரில் பாட்டுக் கேட்டாலும் போட்டுக்கொள்வேன்.

"பனி உடைந்தால்," என்றாள் ஊர்வே.
உள்ளங்கையை மீன்போல வளைத்து
சன்னல் வழியே வெளியே நழுவவிட்டாள்.
வாக்கியத்தை முடிக்கவில்லை.

நடுவில் நிற்காதே.
முன்னால் போகிறவனை நெருங்காதே, இருநூற்றைம்பது மீட்டர்.
சூரியன் இறங்கினால் நீ இங்கே இல்லை.
கடைசிச் சட்டத்தைக் கண்ணாடியின் உறைபனியில்
விரலால் எழுதிக் காட்டினாள்.
25. 40. இடையில் கிறுக்கி அடித்தாள்.
இருபத்தைந்துக்குள் ஊரலாம்.
நாற்பதைத் தாண்டினால் எழுபது வரை ஓடலாம்.
நடுவே கூடாது.
அந்த வேகத்தில் பனிக்கு அடியில் ஓர் அலை எழுந்து
காரோடு கூடவே வருமாம்,
வளர்ந்துகொண்டே.

நிதானம் என்று எனக்குச் சொல்லித் தந்த வேகம் அது.
பள்ளிக்கூட வாசலில், ஆஸ்பத்திரித் தெருவில்
அந்த வேகத்தில்தான் நான் நல்லவன்.

இறங்கினேன்.
டிங், டிங், டிங் என்றது கார்.
தாலினில் பதிவான வண்டிதான்,
அதற்கே இந்தச் சட்டம் தெரியவில்லை.
வழி நெடுக, பனியில் நட்ட ஜூனிப்பர் கிளைகள்.
அந்தப் பதினைந்து எண்களையும்
தூங்குகிற நாயைத் தாண்டுவதுபோல்
ஒரே மிதியில் தாண்டினேன்.

எதிரே ஒரு பழைய சிவப்பு வேன்.
ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்.
நானும் தூக்கினேன், அது எந்தச் சட்டத்திலும் இல்லை.

பாதி வழியில் கை தானாகத் தோளுக்குப் போனது.
இரண்டு தடவை.
மூன்றாம் தடவை கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.
"பெல்ட் பேண்டுக்குத்தாண்டா," என்பான் அண்ணன்.
இங்கே இருந்திருந்தால், அண்ணா,
இருபத்தாறு கிலோமீட்டருக்கு
நீ சட்டப்படி நடப்பவன்.

அக்கரையில் சரளைக்கல் டயரில் கடித்தது.
கரைச் சாவடியில் தாவோ என்கிற பையன் கை காட்டினான்.
தோளிலிருந்து இடுப்புக்கு விரலால் ஒரு கோடு இழுத்தான்:
இனிமேல் போடாவிட்டால் அபராதம்.
கிளிக்.
டிங் சத்தம் நின்றது.

அப்போதுதான் கேட்டது,
வந்த வழியெல்லாம் அது மறைத்து வைத்திருந்த சத்தம்:
பின்னால் கடல்,
கனமான மேசையை யாரோ
மெதுவாக நகர்த்துவதுபோல.

"எப்பவும் இப்படித்தான்," என்றான் தாவோ.
"நாற்காலி சாயுமா?"