பழுப்பு என்று சொன்னவன்

மைத்துனரின் குதிரையைத் தொலைத்தது நான்தான்.
உலான்பாத்தரில் பிறந்தவன்.
எந்த டிராலி பஸ் எங்கே போகும், தெரியும்.
குதிரையைக் கட்ட ஒரு முடிச்சுத் தெரியாது.

மூன்றாம் நாள், பெட்ரோல் முனகும் மோட்டார் சைக்கிளில்
ஒரு வட்டக் கூடாரத்தின் முன்னால் போய் நின்றேன்.
பெரியவர்கள் யாருமில்லை.
சாணி பொறுக்கிக்கொண்டிருந்தாள் ஒருத்தி, எட்டு வயதிருக்கும்,
அவள் சட்டை நுனியைப் பிடித்தபடி
மூக்கொழுகும் தம்பி.

"குதிரை ஒன்று இந்தப் பக்கம் வந்ததா?"
"என்ன நிறம்?"
"பழுப்பு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
பிறகு சிரித்தார்களே ஒரு சிரிப்பு,
கூடை கவிழ்ந்து சாணி உருள,
கட்டிப்போட்ட நாயும் சேர்ந்துகொள்ள.
"பழுப்பாம்!" என்றான் தம்பி.
"தேநீர்ப் பழுப்பா, தேநீர்ச் சட்டியின் பழுப்பா?"

உத்வல் விரல் மடக்க ஆரம்பித்தாள்.
உடம்பும் செவலை, பிடரியும் செவலை என்றால்
ஸேர்த்.
பிடரியும் வாலும் மட்டும் கறுத்திருந்தால்
ஹேர்.
அறுத்த ஈரலின் நிறமென்றால் ஹுரேன்.
மாவு மூட்டைக்குள் மூஞ்சியை விட்டு எடுத்தாற்போல்
வாய் வெளுத்திருந்தால் ஹல்தர்.

அவள் பெயர் சொல்லச் சொல்ல
தம்பி அந்தந்தக் குதிரையானான்.
ஹுரேனுக்குக் கனைத்தான்.
ஹல்தருக்கு வாயைச் சுற்றி
மண்ணை அப்பிக்கொண்டான்.
ஹோங்கோர் என்றதும் ஓடத் தொடங்கியவன்
சரிவின் விளிம்பைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினான்.
"அது ஓடுகிற நிறம்," என்றாள் உத்வல்,
"சும்மா நிற்க விடாது."

எனக்குத் தலை சுற்றியது.
கைபேசியில் படம் இருந்தது, கைபேசியில் உயிர் இல்லை.
பையில், மகளுக்காக வாங்கிய
பன்னிரண்டு வண்ணப் பென்சில்.
பிரித்தோம்.
பிரித்தது தம்பி, பல்லால்.

பெட்ரோல் ரசீதின் பின்புறம்
பழுப்பை அழுத்தித் தேய்த்தேன்.
"இது செத்த குதிரை."
அதன் மேல் ஆரஞ்சு.
"இப்போது காய்ச்சல் வந்த குதிரை."
என் கையிலிருந்து தாளைப் பிடுங்கினான் சின்னவன்.
எச்சில் தொட்டான்.
சைலன்சரின் துருவை நகத்தால் சுரண்டி அப்பினான்.
பிடரி இருக்க வேண்டிய இடத்தில்
சட்டைப்பை வெண்ணெயை ஒரு இழுப்பு இழுத்து
வெயிலுக்கு எதிரே பிடித்தான்.

அதுதான்.
மூன்று இரவாய்க் கனவில் நான் துரத்திய
அதே விலாப்புறம்.

"சாவ்தர்!" இரண்டு தொண்டையும் ஒன்றாய்.
"செவலை உடம்பு, பால் பிடரி!
வந்ததுமே சொல்லித் தொலைத்திருக்கலாமே.
நேற்றிலிருந்து கான்சுக்கின் மந்தையில் நிற்கிறது,
கிணற்றுக்கு அந்தப் பக்கம்."

நான் கிளம்ப எழுந்தேன். அவர்கள் விடவில்லை.
பென்சில்களை மணலில் வரிசையாக நட்டிருந்தார்கள்,
கட்டுக்கயிற்றில் நிற்கும் குதிரைகள் போல.
"இதன் பெயர்?"
"நீலம்."
"எந்த நீலம்?"
அண்ணாந்து பார்த்தேன்.
மேலே அது ஒரு நிறமாக இல்லை,
ஓரத்தில் பால், நடுவில் மை,
இடையில் நான் இதுவரை
கூப்பிட்டே இராத எத்தனையோ.
"தெரியவில்லை," என்றேன்.
அன்றைக்கு நான் சொன்னதில்
அவர்கள் சிரிக்காத பதில் அது ஒன்றுதான்.

பதினொன்றைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கித் தந்தாள் உத்வல்.
பழுப்பை மட்டும் தம்பி கொடுக்கவில்லை.
நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.
"பாவம், இதற்குப் பெயரே இல்லை.
எங்களோடு இருக்கட்டும்."

ஊருக்கு வந்ததும் மகள் பெட்டியைத் திறந்தாள்.
காலியான பள்ளத்தில் விரல் வைத்தாள்.
"இங்கே இருந்தது என்ன கலர்?"

வாய் வரை வந்துவிட்டது அந்தச் சொல். விழுங்கினேன்.
"அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை," என்றேன்.
"அங்கே இரண்டு பேர்
வைத்துக்கொண்டிருக்கிறார்கள்."