எத்தனாவது ஓட்டை

மூணு நாள் சங்ககிரி ரோட்டுல வண்டிய நிறுத்தி
டயர் கடைக்கு மேல்மாடியப் பாத்துட்டு
அப்படியே திரும்பிப் போயிருக்கறேன்.
நாலாம் நாள் மழை.
ஒதுங்கத்தான் படியேறினேன்னு
வீட்டுல இன்னும் சொல்லிக்கறேன்.

பாதி பொம்பளையா நிக்கற சாமி ஊரு இது.
மலை ஜன்னல்லயே தெரியும்.
உள்ள பதினேழு ஆம்பளைங்க,
நர்ஸிங் காலேஜுப் புள்ள ஒண்ணு,
அப்புறம் நான்.

ரிக் ஆபீஸ்ல கணக்கெழுதறவ.
ராய்ப்பூர்ப் பக்கமிருந்து ட்ரில்லர் ராத்திரி கூப்புடுவான்:
"நானூத்தி எழுவது அடிங்க்கா, இன்னும் புகைதான்."
எழுதிக்குவேன்.
கேசிங் எம்பது. தண்ணிக்கு நேரா ஒரு கோடு.
ஊரூரா பூமி எத்தனை அடி எறங்குச்சுன்னு
பதிமூணு வருசமா எழுதறவளுக்குத்
தன் இடுப்பு எதுவரைக்கும் எறங்கும்னு தெரியல.

காலி பார். இருவது கிலோ.
அரிசிச் சிப்பம் இதவிடக் கனம், தூக்கியிருக்கறேன்.
சிப்பம் தூக்கறப்ப எதிர்ல கண்ணாடி இருக்காது.

நவநீதனுக்கு இருவத்திமூணு இருக்கும்.
"கழுத்துல வெக்காதீங்க்கா, கீழ, சதைமேல.
முட்டி வெளிய. குதிங்கால் ஒட்டியே இருக்கட்டும்.
மூச்ச வயித்துல வாங்கி வயித்த வெளிய தள்ளுங்க."

வயித்தையா?

போட்டோவுக்கு நிக்கறப்ப,
பொண்ணு பாக்க வந்தப்ப,
டெய்லர் டேப்பு சுத்தறப்ப,
முப்பத்தொம்பது வருசம் உள்ள இழுத்த வயிறு.
வெளியன்னா எந்தப் பக்கம்னே
அதுக்குத் தெரியல.

ஆபீஸ்ல பீரோவுக்குப் பின்னால
குக்கி எந்திரிச்சுப் பழகினேன்.
"என்ன காணோம் சுகந்தி?" மேனேஜர் செல்லமுத்து.
"பேனா மூடிங்க."
அந்த மாசம் ஒரு நாளைக்கு அஞ்சு தடவை
பேனா மூடி தொலைஞ்சுது.

கம்பெனி பனியன்தான் போட்டுட்டுப் போவேன்.
முதுகுல எல்லாக் கண்ணும் மேயறாப்ல இருக்கும்.
எறங்கறப்ப பாக்கறாங்க,
ஏறறப்ப பாக்கறாங்க,
யாரோ சிரிச்சா அது எனக்குத்தான்.
ரெண்டு வாரம் இப்படியே.
ஒருநாள் தாடிக்காரர் ஒருத்தர்
துண்டால மொகத்தத் தொடச்சிட்டு நேரா வந்தார்.
வந்துட்டாரு, சொல்லப் போறாரு.
"ஏனுங்க, அடிக்கு என்ன ரேட்டு?
உங்க முதுகு நம்பருக்கு அடிச்சேன், எடுக்கவே இல்லீங்க."

எடுத்திருக்க வேண்டியவ நான்தான்.
பார் தூக்கிட்டு நின்னிருந்தேன்.

அதுக்காகப் பயம் போயிடுச்சுன்னு இல்ல.
பயம் போகறதுக்கு அது என்ன விருந்தாளியா,
வீட்டாளாட்டம் கூடவே வந்து
தண்ணி பாட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்துக்கும்.

பக்கத்துக்குப் பத்து மாட்டின அன்னிக்கு
நாலாவது தடவை எறங்கினேன்.
எறங்கினதோட சரி.
தொடை கேக்கல. இடுப்பு கேக்கல.
கனவுல எத்தனையோ தரம் கேட்ட அதே சத்தத்தோட
பார் பின்னுமேல விழுந்துச்சு.
கீழ டயர் கடைக்காரங்க அண்ணாந்து பாத்திருப்பாங்க.
நாலு கால்ல தவழ்ந்து வெளிய வந்தேன்.
பதினேழு பேரும் திரும்பிட்டாங்க.
பாட்டு மட்டும் பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு.

மோகனப்பிரியா செல்போனோட ஓடி வந்தா.
படம் புடிக்கத்தான்னு நெனச்சேன்.
"அக்கா, பின்னு எத்தனாவது ஓட்டைல போட்டிருந்தீங்க?
நம்ம ரெண்டு பேரும் ஒரே ஒசரம்தானே.
எனக்கு விழறதுக்குப் பயம், அதனால அரையோட நிறுத்திடறேன்."

முட்டி போட்டபடியே
கீழிருந்து வெரல் வெச்சு எண்ணினேன்.
"ஏழு."
ஏழுன்னு எழுதிக்கிட்டா.
இத்தனை வருசத்துல என் ஆழத்த
இன்னொருத்தர் எழுதிப் பாத்தது இல்ல.

ரெண்டரைய மட்டும் ரெண்டு பக்கமும் கழட்டிட்டு
மறுபடி பாருக்கு அடியில நுழைஞ்சேன்.
மூச்ச இழுத்தேன்.
வயிறு, சொல்லாமயே,
வரப்புச் சண்டைக்கு வந்தவளாட்டம்
முன்னால வந்து நின்னுச்சு.