சைகை வரும்வரை

மே மாதம், இன்வெர்கார்கில், புதன்கிழமை ஒத்திகை.
மேடைக்குக் கீழே பாதி மூடிய பள்ளத்தில்
ஏழு பேர், ஒரே ஒரு ஹீட்டர்.
ஹீட்டரின் முகம் எப்போதும் ஃபிலிப்பா ஹாடன் பக்கம்.
பியானோ வாசித்தபடியே தலையசைத்து
எங்களை நடத்துகிறவள் அவள்.

இருபத்திரண்டு வருடம் மதுக்கடைகளில் வாசித்தேன்.
எல்லாம் கேள்வி ஞானம்.
பாடுகிறவன் மூச்சிழுப்பது காதில் விழுந்தாலே
விரல் போய் உட்கார்ந்துவிடும்.
இங்கே என் முன்னால் நூற்றுப் பதினான்கு பக்கம்,
பார்த்தவுடன் வாசிக்க வேண்டுமாம்.
தாளில் ஐந்து கோடு.
என் கிதாரில் கம்பி நாலுதான்.

முதல் வாரம் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.
கீழ்க்கோட்டிலிருந்து எண்ணி, இது ஜி,
அதற்கு மேலே பி...
பி-யை எட்டுவதற்குள் பாட்டு கப்பலேறி
அடுத்த காட்சிக்குப் போய்விட்டது.
தப்பினேன், நின்றேன், மன்னிக்கவும் என்றேன்.
வாசிப்பதை நிறுத்தாமலே ஃபிலிப்பா சொன்னாள்:
"மன்னிப்பு ஒரு பார் நீளம், மர்டோ.
அதற்கு இங்கே இடமில்லை."

வாடகைப் புத்தகம். ஊர் ஊராய்ப் போய் வந்தது.
எனக்கு முன் வாசித்தவர்கள் ஓரங்களில் இருந்தார்கள்:
'கவனி' என்று மூக்குக்கண்ணாடி வரைந்து வைத்தவர்,
நாலு பாரைப் பென்சிலால் வெட்டியவர்,
வெட்டியதை அழித்துத் திரும்ப உயிர்கொடுத்தவர்.
நாற்பத்தொன்றாம் பக்க மூலையில்
'கதாநாயகன் ஓடுவான். நீ ஓடாதே.'
யாரோ. எந்த ஊரோ.

வியாழன் காலை, இறைச்சி ஆலை.
கொக்கி கொக்கியாய் ஆடுகள் வந்துகொண்டிருந்தன.
கத்தி இந்த ஆட்டின் தோளில்,
கண் அடுத்த ஆட்டின் தோளில்.
பதினொரு வருடமாய் இப்படித்தான் செய்கிறேன்,
ஒருநாளும் கவனித்ததில்லை.
கண் பார்த்தால் கை செய்யும் என்பார்கள்.
செய்யும். ஆனால் கை வந்து சேரும்போது
கண் அங்கே நிற்கக் கூடாது.
ஒரு பார் முன்னால் போய்
விளக்கைப் போட்டு வைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஒத்திகையில் ஐந்து ஃப்ளாட் பாட்டை
விழாமல் கடந்தேன். அழகாயில்லை. கடந்தேன்.
டிரம்முக்குப் பின்னாலிருந்து டவிடா
ஒரு குச்சியை உயர்த்திக் காட்டினான்.
சும்மா இருக்கிற பார்களை எண்ணுவதுதான்
இன்னமும் தகராறு.
ஐம்பத்தேழு பார் மௌனத்தில்
முப்பது வாக்கில் எங்கோ
காருக்குக் கட்டாத பணம் ஞாபகம் வந்துவிடும்.

இரண்டாம் இரவு, கலங்கரை விளக்கக் காட்சி.
கப்பல் தலைவனாய் நடித்த பல்மருத்துவருக்கு
வசனம் மறந்துபோனது.
எங்கள் தாளில் இரண்டே பார்,
மேலே எழுதியிருந்தது:
திரும்பத் திரும்ப, சைகை வரும்வரை.
வாசித்தோம். ஆறாம் முறை. பத்தாம் முறை.
தலைக்கு மேலே அவருடைய பூட்ஸ்
இடமும் வலமுமாய் நடந்தது.
பதினைந்தாம் முறை, வேறு வேலையில்லாமல்,
அந்த இரண்டு பாரை நிதானமாகப் படித்தேன்.
மூன்றாம் ஸ்வரத்துக்கு முன்னால் ஒரு கறை.
காப்பித் துளி என்றே நினைத்திருந்தேன்.
துளியில்லை. ஃப்ளாட்.

நாலு வாரம். அத்தனை ஒத்திகை. முதல் இரவு வேறு.
தவறான ஸ்வரத்தை நெஞ்சு நிமிர்த்தி வாசித்திருக்கிறேன்.
ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.
அஸ்திவாரத்தை யார் பார்க்கிறார்கள்,
கதவு சரியாய் மூடாதபோதுதான்
மரத்தைத் திட்டுவார்கள்.

பதினாறாம் முறை அரைச்சுரம் இறங்கினேன்.
ட்ரோம்போன் மோரா திரும்பிப் பார்த்தாள்,
ஆடிக்கொண்டிருந்த மேசைக்குக் கீழே
யாரோ அட்டை மடித்து வைத்ததுபோல்.
ஃபிலிப்பா நிமிரவில்லை.
இடது கை மட்டும் கொஞ்சம் மெதுவாய் விழுந்தது.
அந்த இடத்தில் அவள் ஏன் அப்படி அடித்து வாசித்தாள் என்று
அப்போதுதான் புரிந்தது எனக்கு.

மேலே பூட்ஸ் நின்றது.
ஒரு இருமல்.
பதினேழு. பதினெட்டு.
அவசரமில்லை ஐயா,
நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.