மூன்று பைப் பால்

ஒன்ராறியோவில் பாலைப் பையில் விற்பார்கள்.
பெரிய பை ஒன்றுக்குள் சிறிய பை மூன்று,
எல்லாம் சேர்த்து நாலு லீற்றர்.
செவ்வாய் வாங்கினால் வெள்ளி முடியும்.
எங்கள் வீட்டில் கிழமை அப்படித்தான் நகர்ந்தது.

எனக்குப் பின்னேர வேலை, பதினாறு வருடம்,
ஏஜாக்ஸில், கார்க்கதவு செய்யும் ஆலையில்.
நள்ளிரவு தாண்டி வீட்டுக் கதவைத் திறந்தால்
வாசல் விரிப்பில் சப்பாத்துகள் கவிழ்ந்து கிடக்கும்.
பிள்ளைகளை நான் அவற்றால்தான் அறிந்தேன்.
ஒட்டும் பட்டி போய் நாடா வந்தது.
ஒரு மார்கழி இரவு
அகரனின் சப்பாத்து என்னுடையதைவிட நீளமாய்க் கிடந்தது.
இருட்டில் காலை நுழைத்துப் பார்த்தேன்.
விரல்களுக்கு முன்னால்
இன்னும் ஒரு பெருவிரலுக்கு இடமிருந்தது.

போன செப்டெம்பரில் அவன் வாட்டர்லூ போனான்.
ஒன்றரை மணித்தியால ஓட்டம்,
அதைப் போனதாகவே நாங்கள் கணக்கெடுக்கவில்லை.
ஊத்தை உடுப்போடு வந்தான், புட்டோடு திரும்பினான்.
தாங்ஸ்கிவிங்குக்கு வந்தான், நத்தாருக்கு வந்தான்,
பிறகு, வருவதாகச் சொன்னான்.
பால் ஞாயிறுவரை நின்றது.

தை மாதம்.
வெளியே வழித்த பனி மதில் உயரம்.
குசினி மேசையில் மிதுலா விண்ணப்பம் நிரப்பினாள்.
'நீ எதிர்கொண்ட இடர் ஒன்றை
ஐந்நூறு சொற்களுக்குள் விபரி.'
பேனாவைக் கடித்தபடி யோசித்துவிட்டு,
"அப்பா, எனக்கு இடர் ஒண்டும் வரேல்லையே" என்றாள்.
வதனி அடுப்பிலிருந்து திரும்பவில்லை.
எனக்கு ஏனோ
சம்பளம் கூட்டித் தந்ததுபோல் இருந்தது.
கடைசியில், கணிதப் பாடத்தோடு பட்ட பாட்டை எழுதினாள்.

பங்குனியில் கடிதம் வந்தது, தண்டர் பேயிலிருந்து.
"காடு படிக்கப் போறன்."
"காட்டுக்கோ?" என்றாள் வதனி.
எங்கள் வயதில் அந்தச் சொல்லுக்கு
வேறு பொருள் இருந்தது.
பிள்ளை மரங்களின் படங்களைக் காட்டினாள்.
ஒவ்வொன்றாய், பெயர் சொல்லி.

ஆகஸ்டில் பிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது,
கட்டில் விரிப்பு, மேசை விளக்கு, குளியலறைச் செருப்பு.
வதனி பட்டியலில் இல்லாத பொதி ஒன்று கட்டினாள்:
பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி,
தடுப்பூசி அட்டை, நாலு பேரும் நிற்கும் படம்,
எல்லாம் தண்ணீர் புகாத உறைக்குள்.
குளிர்ச்சட்டை மடிப்பில் ஐந்து இருபது டொலர்த் தாள்கள்.
"அம்மா, ஆறு கிழமையில வந்திருவன்,
ரிக்கற்றும் எடுத்தாச்சு."
திரும்பும் திகதியோடு வீட்டைவிட்டுப் போகலாம் என்பது
வதனிக்குத் தெரியும்.
கைகளுக்குத்தான் தெரியவில்லை,
அவை பாட்டுக்கு மடித்துக்கொண்டிருந்தன.

இரண்டு நாள் ஓட்டம், இடையில் வாவாவில் ஒரு இரவு.
சுப்பீரியர் ஏரி இடப்பக்கம் கடல்போல் கூடவே வந்தது.
இரண்டாம் நாள் மிதுலா ஓட்டினாள்.
பின்னிருக்கையில் சோற்றுப்பெட்டிகளோடு வதனி நித்திரை.
பக்கத்தில் இருந்த நான்
அவள் முகத்தைப் பார்த்தேன்,
பகல் வெளிச்சத்தில், தொடர்ந்து ஐந்து மணித்தியாலம்.
வலது புருவத்துக்குள் ஒரு சிறு தழும்பு.
எப்ப பட்டது என்று கேட்டேன்.
"நாலாம் வகுப்பில அப்பா. தையல்கூடப் போட்டது."
தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.
நல்லாய் ஓட்டுகிறாள்.

திரும்பி வந்த கிழமை
ஆலையில் எனக்குப் பகல்வேலை தந்தார்கள்.
பதினாறு வருடமாய்க் கேட்டது.
ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.
விரிப்பில் ஒரு சோடி,
நான் கழற்றினால் இரண்டு.

இனி ஒரு லீற்றர்ப் பெட்டி போதும் என்கிறாள் வதனி.
அது லீற்றருக்கு விலை கூட என்கிறேன்.
அது பொய்யில்லை.